20-ஆவது பிட்: வைஃபை சேனல் அகல விதிகளில் ஒரு களையெடுப்பு

ரூட்டரின் லினக்ஸ் கெர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதியை) 6.1-இலிருந்து 6.12-க்கு ஏற்றிய முதல் வாரத்திலேயே சோதனை அறையிலிருந்து தகவல் வந்தது: 6 கிகாஹெர்ட்ஸில் ஒரு சேனல்கூடத் திறக்கவில்லை. 2.4, 5 இரண்டும் ஒழுங்காக ஓடின. டிரைவர்மேல் சந்தேகப்பட்டு இரண்டு வாரம் அதையே குடைந்துகொண்டிருந்தோம். காரணம் அங்கே இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் கிளையில் நட்டுவைத்து, பிறகு எல்லோரும் மறந்துபோன ஒரு விதியில் இருந்தது. அதைத் தேடிப் பிடித்து வேரோடு எடுத்த வேலையின் பதிவு இது.

நான் பராமரிப்பது ரூட்டர்களுக்கான ஒரு லினக்ஸ் கெர்னல் கிளை. எல்லோருக்கும் பொதுவான மூலக் கெர்னலின்மேல் எங்கள் சொந்தப் பேட்ச்சுகள், அதாவது நிரல் திருத்தங்கள், பதினொன்று இருந்தன. அவற்றில் நான்கு, ஒரு காலத்தில் விற்ற தொலைதூர இணைப்புக் கருவிக்காக எழுதப்பட்டவை. கட்டடத்துக்குக் கட்டடம், குன்றுக்குக் குன்று என்று வைஃபையை நீட்ட விரும்புகிறவர்கள் சேனலைக் குறுக்குவார்கள். வழக்கமான 20 மெகாஹெர்ட்ஸை 10 ஆக்கினால் உள்ளே நுழையும் இரைச்சல் பாதியாகும், அதாவது 3 டெசிபெல் இறங்கும். ஒவ்வொரு குறியீடும் 4 மைக்ரோ விநாடிக்குப் பதில் 8 மைக்ரோ விநாடி நீளும். வேகம் பாதியாகும், ஆனால் தூரம் கிடைக்கும். 5 மெகாஹெர்ட்ஸ் வரை குறுக்குவதும் உண்டு. அந்தக் கருவியின் தயாரிப்பு நின்று வெகுகாலமாகிவிட்டது. பேட்ச்சுகள் மட்டும் 4.4 காலத்திலிருந்து ஒவ்வொரு கெர்னல் மாற்றத்தின்போதும் மூட்டை முடிச்சோடு கூடவே வந்துகொண்டிருந்தன.

லினக்ஸின் வயர்லெஸ் விதிகள் சிஎஃப்ஜி80211 என்ற அடுக்கில், ரெக்.சி என்ற கோப்பில் குவிந்திருக்கின்றன. ஒரு விதியின் உள்ளே இருப்பவை சில எண்கள்தான்: தொடக்க அலைவரிசை, முடிவு அலைவரிசை, அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச அகலம், திறன் வரம்பு, சில கொடிகள் (ஆம்-இல்லை என்று சொல்லும் ஒற்றைப் பிட் குறிகள்). இந்த விதியை ஒவ்வொரு சேனல்மேலும் பொருத்திப் பார்த்து, கெர்னல் தடைகளை எழுதுகிறது. அகல வரம்பு 40-க்குக் குறைவென்றால் ‘40 கூடாது’, 80-க்குக் குறைவென்றால் ‘80 கூடாது’, அதன்பின் 160, 320. எங்கள் பேட்ச் இதில் ஒரு கொடியைக் கூடுதலாகச் செருகியிருந்தது. அதன் பொருள், ‘இந்த விதிக்குள் 10, 5 மட்டும், 20-உம் அதற்கு மேலும் கூடாது’ என்பது.

விதிக் கொடிகள் 32 பிட் எண் ஒன்றில் வரிசையாக அமர்கின்றன. அந்தப் பேட்ச் எழுதப்பட்டபோது மூலக் கெர்னலின் கடைசிக் கொடி 16-ஆவது பிட்டில் இருந்தது. 160 மெகாஹெர்ட்ஸைத் தடுக்கும் கொடி அது. எழுதியவர் முன்யோசனையோடு மூன்று இடம் விட்டு 20-ஆவது பிட்டைப் பிடித்திருக்கிறார். 6.1 வரை அந்த யோசனை காப்பாற்றியது. 17, 18, 19 ஒவ்வொன்றாக நிரம்பின. 6.12-க்கு வருவதற்குள் 20-ஆவது பிட்டை மூலக் கெர்னல் எடுத்துக்கொண்டுவிட்டது. அலைவரிசையின் ஒவ்வொரு மெகாஹெர்ட்ஸிலும் எவ்வளவு திறன் செல்லலாம் என்னும் வரம்பு அந்த விதியில் உள்ளது என்பதைக் குறிக்கும் கொடி அது. 6 கிகாஹெர்ட்ஸ் விதிகளுக்கு அந்த வரம்பு அடிப்படையானது.

எங்கள் டிரைவர் தன் விதிகளைத் தானே தயாரித்துக் கெர்னலிடம் கொடுக்கும் வகை. 6 கிகாஹெர்ட்ஸ் விதிகளில் அது நியாயமாகவே அந்தக் கொடியை ஏற்றியது. ரெக்.சி-யில் எங்கள் பழைய வரி அதையே ‘குறுஞ்சேனல் மட்டும்’ என்று படித்து, 20 முதல் 320 வரை எல்லாவற்றையும் அடைத்தது. சி மொழியில் ஒரே எண்ணுக்கு இரண்டு பெயர் இருப்பது குற்றமில்லை. கம்பைலர் ஒரு எச்சரிக்கைகூடத் தரவில்லை.

இன்னொரு மோதலும் இருந்தது. அது கண்ணுக்குத் தெரிந்த மோதல். 10 மெகாஹெர்ட்ஸில் ஸ்கேன் செய்வதற்காக எங்கள் பேட்ச் ஒன்று, ஸ்கேன் அகலம் என்ற புலத்தை நம்பியிருந்தது. மூலக் கெர்னலில் அந்தப் புலமே இப்போது கிடையாது. 2023-இல் வயர்லெஸ் பராமரிப்பாளர் ஜோகன்னஸ் பெர்க் அதை நீக்கிவிட்டார். அவர் சொன்ன காரணம்: 20 தவிர வேறு அகலத்தில் ஸ்கேன் செய்யச் சொல்வதற்கு யாருக்கும் வழியே இல்லை. அதன் தொடர்ச்சியாக மேக்80211 என்ற வைஃபை அடுக்கில் பாதி வேகம், கால் வேகம் என்று கணக்குப் போட்ட பகுதிகளும் போயின. அந்தக் கமிட்டை (மாற்றப் பதிவை) படித்தபோது எனக்கு உறைத்தது. ‘வழியே இல்லை’ என்று அவர் சொல்லும் அந்த வழியை எங்கள் கிளை மட்டும் தனியாக வெட்டி வைத்திருந்தது. எங்களிடமாவது அந்த வழியில் யாராவது நடக்கிறார்களா?

அவசரத்துக்குக் கொடியை 30-ஆவது பிட்டுக்கு மாற்றினேன். பத்து நிமிட வேலை. 6 கிகாஹெர்ட்ஸ் திறந்தது. அதோடு விட்டிருக்கலாம், விட மனம் வரவில்லை. அடுத்த முறை ஏற்றும்போது இன்னொருவர் இதே இரண்டு வாரத்தை இழப்பார்.

இனி, எடுக்கலாம் என்று எப்படி உறுதி செய்வது? நான் முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான்: கொடியின் பெயரை, நிரல் முழுவதையும் தேடும் கிட் கிரெப்பில் கொடுத்தேன். முப்பத்தேழு இடங்கள் வந்தன. பார்த்தால் உயிரோடு இருப்பது போலவே தோன்றியது. கூர்ந்து பார்த்தபோதுதான் முப்பத்தேழும் ஒரே வகை என்று தெரிந்தது. எல்லாம் கொடியைப் படிக்கும் இடங்கள். கொடி இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய். கொடியை ஏற்றும் இடம் ஒன்றுகூட இல்லை. இந்த வேலை முழுவதும் அந்தக் கணத்தில்தான் திரும்பியது. செத்த நிரல் எது என்று கேட்டால், யாரும் படிக்காதது என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். இங்கே படிப்பவர்கள் நிறைய, எழுதுபவர்தான் இல்லை. எழுத யாராலும் முடியாது என்று நிறுவிவிட்டால், முப்பத்தேழு இடமும் ஒரே நாளில் வெறுமையாகிவிடும்.

விதி கெர்னலுக்குள் நுழையும் வாசல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

முதல் வாசல், விதித் தரவுத்தளம். 4.15 முதல் கெர்னல் ரெகுலேட்டரி.டிபி என்ற கோப்பை ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஓடும் மென்பொருள்) போலவே நேரடியாக ஏற்றிக்கொள்கிறது. அந்தக் கோப்பில் ஒரு விதிக்குக் கொடிகளுக்காக ஒதுக்கியிருப்பது ஒரே ஒரு பைட். அதிலும் ஐந்து பிட்டுக்குத்தான் பொருள் உண்டு: ஓஎஃப்டிஎம் என்ற ஒலிபரப்பு முறை கூடாது, திறந்தவெளியில் கூடாது, ரேடார் கண்காணிப்பு தேவை, தானாக ஒலிபரப்பைத் தொடங்கக் கூடாது, அகலத்தைத் தானே கணக்கிடு. அகல வரம்பு தனி எண்ணாக வருகிறதே தவிரக் கொடியாக வருவதில்லை. ஆகவே எங்கள் கொடி இந்த வாசல் வழியாக வரவே முடியாது. இந்த ஒரு உண்மைக்காக ஒரு மாலை முழுவதும் அந்தக் கோப்பின் அமைப்பைப் பைட் பைட்டாக எண்ணிப் பார்த்தேன். வீண் என்று சொல்ல மாட்டேன். முழுச் சான்றின் பாதிப் பாரத்தை அதுதான் தாங்குகிறது.

இரண்டாவது, சிஆர்டிஏ என்ற பழைய நிரல், கெர்னலுக்கு வெளியே, பயனர்வெளியில் ஓடுவது. ரெகுலேட்டரி.டிபி வருவதற்கு முன் விதிகள் இதன் வழியாகத்தான் வந்தன. எங்கள் தொலைதூரக் கருவியும் திருத்திய சிஆர்டிஏ ஒன்றின் மூலம்தான் கொடியை ஏற்றியிருக்கிறது. இந்த வாசலைத் திறக்க ஒரு கட்டமைப்புத் தேர்வு உண்டு. எங்கள் எல்லா மாடல்களிலும் அது அணைந்திருந்தது. அணைந்திருந்தால் விதியை வாங்கிப் பிரித்துப் படிக்கும் செயற்கூறே கம்பைல் ஆவதில்லை.

மூன்றாவது வாசல்தான் சிக்கலானது: டிரைவர்கள். சில டிரைவர்கள் தம்முள்ளேயே நிலையான விதி அட்டவணைகளை வைத்திருக்கின்றன. சில டிரைவர்கள் ஃபர்ம்வேர் சொல்வதைக் கேட்டு விதிகளைக் கட்டுகின்றன. இங்கே ஓர் ஆபத்து இருக்கிறது. தரவுத்தளத்தை மட்டும் பார்த்துவிட்டு, ‘80 கூடாது’ என்ற மூலக் கெர்னலின் விதிக் கொடியையும் யாரும் ஏற்றுவதில்லை என்று ஒருவர் முடிவுகட்டிவிடலாம். அது தவறு. அது போன்ற கொடிகளுக்கு இன்டெல் சிப்புகளுக்கான ஐடபிள்யூஎல்வைஃபை போன்ற டிரைவர்கள்தான் எஜமானர்கள்.

எங்கள் நிரல் மரத்தில் மூலக் கெர்னலுக்கு வெளியே இருந்து வாங்கிச் சேர்த்த டிரைவர்கள் இரண்டு உண்டு. பெயரால் தேடியபோது இரண்டிலும் ஒன்றும் கிடைக்கவில்லை. நிம்மதியாக எழுந்து போகவிருந்தேன். பிறகு ஏதோ தோன்றி, பெயரை விட்டுவிட்டு எண்ணால் தேடினேன்: ஒன்றுக்குப் பின் ஐந்து சுழியம் கொண்ட அந்தப் பதினறும எண். கிடைத்துவிட்டது. ஒரு டிரைவரின் அட்டவணையில், கொடிக்குப் பெயர் போடாமல் எண்ணாகவே எழுதிவைத்த ஒரு வரிசை. நல்லவேளையாக அது நிறுத்தப்பட்ட கருவியின் சிப்புக்கான வரிசை. நாங்கள் இன்று கட்டும் எந்த மாடலிலும் அந்தப் பகுதி கம்பைல் ஆவதில்லை. இருந்தாலும் கை கொஞ்சம் நடுங்கத்தான் செய்தது. பெயர்த் தேடலை மட்டும் நம்பி எடுத்திருந்தால் அந்த வரிசை அநாதையாக அங்கேயே கிடந்து, மெகாஹெர்ட்ஸுக்கான திறன் வரம்புக் கொடியை ஏற்றுகிற வரிசையாக ஒருநாள் உயிர் பெற்றிருக்கும்.

அதனால் காகிதச் சான்றோடு நிற்கவில்லை. கொடியைப் படிக்கும் முக்கியமான ஆறு இடங்களில், கொடி ஏறியிருந்தால் ஒருமுறை உரத்துக் கத்தும்படி எச்சரிக்கை வரிகளை வைத்து, சோதனை அறையின் எல்லாக் கருவிகளிலும் ஒரு வாரம் ஓடவிட்டேன். பதிவேட்டில் ஒரு வரிகூட விழவில்லை.

ஏன் இவ்வளவு கவனம் என்று குழுவில் இளையவர் ஒருவர் கேட்டார். இது திரையில் ஒரு பொத்தான் மறையும் விஷயமில்லை. 5250 முதல் 5350 வரையும், 5470 முதல் 5725 வரையும் உள்ள அலைவரிசைகளை ரேடார்களோடு பகிர்ந்துகொள்கிறோம். ஐரோப்பாவில் 5600 முதல் 5650 வரை வானிலை ரேடார் இருக்கிறதா என்று பத்து நிமிடம் காது கொடுத்துக் கேட்ட பிறகே ரூட்டர் வாய் திறக்கலாம். அகல விதியில் ஒரு தடை தவறுதலாக உதிர்ந்தால், சேனல் பக்கத்து விதியின் எல்லைக்குள் வழிந்துவிடும். அந்தக் குற்றத்தை வாங்கியவரின் வீட்டில், அவருக்கே தெரியாமல், எங்கள் கருவி செய்துகொண்டிருக்கும்.

பிடுங்கும் வேலைக்கு வருவோம். முதலில் கொடியை ஏற்றக்கூடிய இடங்களை எடுத்தேன்: பழைய அட்டவணை, சிஆர்டிஏ-க்கான எங்கள் கூடுதல் வரிகள். பிறகு படிக்கும் இடங்கள். ‘கொடி இருந்தால்’ என்பது இனி எப்போதும் பொய் என்று வைத்துக்கொண்டு ஒவ்வொரு நிபந்தனையையும் மடித்தேன். ஒரு கமிட்டுக்கு ஒரு மாற்றம், ஒவ்வொரு கமிட்டும் தனியாகக் கம்பைல் ஆக வேண்டும் என்று விதி வைத்துக்கொண்டேன். பின்னால் ஏதாவது உடைந்தால், பாதிபாதியாகப் பிரித்துத் தேட இது இல்லாமல் முடியாது.

நிபந்தனைகள் மடிந்த பிறகு, அழைப்பாரற்ற செயற்கூறுகள் மிஞ்சின. இதில் ஒரு நுணுக்கம். பயன்படாத செயற்கூறைக் கம்பைலர் காட்டிக்கொடுக்கும் என்று நினைப்போம். அது அந்தக் கோப்புக்குள் மட்டும் தெரியும்படி அறிவித்த செயற்கூறுகளுக்குத்தான் பொருந்தும். மற்ற மாட்யூல்களுக்காக ஏற்றுமதி செய்த பெயர் என்றால், வெளியே யாரோ அழைப்பார்கள் என்று நம்பிக் கம்பைலர் வாயை மூடிக்கொள்ளும். எங்கள் குறுஞ்சேனல் உதவிச் செயற்கூறுகள் ஐந்தும் ஏற்றுமதி ஆனவை. எனவே ஏற்றுமதி வரியை நீக்கி, ஸ்டேட்டிக் என்ற சொல்லை முன்னால் போட்டுக் கம்பைல் செய்தேன். நான்குக்கு உடனே எச்சரிக்கை வந்தது. அவற்றை எடுத்ததும், அவற்றால் மட்டுமே அழைக்கப்பட்ட இன்னும் இரண்டு வெளிவந்தன. ஐந்தாவதை ஒரு சோதனை நிரல் அழைத்துக்கொண்டிருந்தது. அது சோதித்ததே இந்தக் குறுஞ்சேனலைத்தான் என்பதால் இரண்டும் சேர்ந்து போயின.

உற்சாகத்தில் ஓர் எல்லையைத் தாண்டப் பார்த்தேன். ‘10 கூடாது’ என்று மூலக் கெர்னலிலேயே ஒரு சேனல் தடை இருக்கிறது. எங்கள் கருவிகள் எதுவும் 10-ஐத் தொடாதபோது இதையும் எடுத்தால் என்ன என்று பேட்ச் எழுதியும் விட்டேன். மறுநாள் காலை அதைத் திரும்பப் படித்தபோது நிறுத்தினேன். சாலையில் வாகனங்கள் ஒன்றோடொன்று பேசும் 802.11p தரம் 5.9 கிகாஹெர்ட்ஸில் 10 மெகாஹெர்ட்ஸ் சேனல்களில்தான் இயங்குகிறது. அதற்கான முறை லினக்ஸில் இருக்கிறது, அது அந்தத் தடையைப் பார்க்கிறது. நாங்கள் விற்காதது உலகில் இல்லாதது ஆகிவிடாது. அந்தப் பேட்ச்சை அழித்துவிட்டேன்.

பயனர்வெளிக்குத் தெரியும் தலைப்புக் கோப்பு இன்னொரு கண்ணி. சேனல் அகலங்களின் எண்வரிசையைப் பார்த்தால் வரலாறு தெரியும்: 160-க்கு 5, 5 மெகாஹெர்ட்ஸுக்கு 6, 10-க்கு 7, அதன்பின் 1, 2, 4, 8, 16, கடைசியில் 320-க்கு 13. அளவு வரிசையில் இல்லை, வந்து சேர்ந்த வரிசையில் இருக்கின்றன. ஒருமுறை கொடுத்த எண்ணை மாற்றக் கூடாது என்பதால் புதியவர் எப்போதும் கடைசியில்தான் உட்கார வேண்டும். விதிக் கொடிகளில் 9, 10 இரண்டும் இன்றும் காலி. ஒரு காலத்தின் பழைய பெயர்கள், புதிய பெயரைச் சுட்டும் மாற்றுப் பெயர்களாக இன்னும் இருக்கின்றன. இங்கே ஒரு வரியை நீக்கினால், அதற்குக் கீழே உள்ள பண்புகள் (கெர்னலும் பயனர்வெளி நிரல்களும் பரிமாறும் செய்திகளின் எண்ணிட்ட புலங்கள்) எல்லாம் ஓர் எண் முன்னேறிவிடும்; ஏற்கனவே கம்பைல் ஆன ஐடபிள்யூ (வைஃபையை அமைக்கும் கட்டளை), ஹோஸ்ட்ஏபிடி (ரூட்டரை அணுகுமுனையாக இயக்கும் நிரல்) இரண்டும் ஒன்றை இன்னொன்றாகப் படிக்கும்.

எங்கள் கிளையில் இந்தத் தவறு தலைகீழாக நடந்திருந்தது. எங்கள் சொந்தப் பண்பு ஒன்று, அலைவரிசைப் பண்புகளின் வரிசையில் கடைசியாகச் சேர்க்கப்பட்டிருந்தது. 6.12-க்கு ஏற்றியபோது மோதலைத் தீர்த்தவர் இரண்டு பக்கத்தையும் வைத்துக்கொண்டதால், எங்களுடையது நடுவில் சிக்கி, மூலக் கெர்னலின் புதிய பண்புகளை ஒவ்வோர் இடம் கீழே தள்ளியிருந்தது. மோதலைத் தீர்த்தவர் நானேதான். ஆகவே இங்கே நீக்குவதுதான் ஒப்பந்தத்துக்குத் திரும்புவது. எங்கள் தலைப்புக் கோப்பை வைத்துக் கட்டிய பயனர்வெளி நிரல்கள் எல்லாவற்றையும் அதே வெளியீட்டில் மறுபடியும் கட்டினோம்.

சோதனைக்கு எச்டபிள்யூசிம் என்ற போலி ரேடியோ டிரைவர் பெரும் துணை. காற்றில் ஒரு சொட்டுக்கூட ஒலிபரப்பாமல், மெய்நிகர் கணினிக்குள் விதிகளை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிப் பார்க்கலாம். தரவுத்தளத்தில் உள்ள ஒவ்வொரு நாட்டையும் வரிசையாக அமைத்து, ஐடபிள்யூ காட்டும் சேனல் பட்டியலை அகலங்களோடு ஒரு கோப்பில் எழுதும் ஸ்கிரிப்ட் ஒன்றைப் போட்டேன். களையெடுப்பதற்கு முன் ஒரு தொகுதி, பின் ஒரு தொகுதி. இரண்டுக்கும் வேறுபாடு சுழியமாக வேண்டும்.

முதல் ஓட்டத்தில் நாற்பது நாடுகளில் வேறுபாடு காட்டியது. பதறிப்போனேன். ஆனால் மறுபடி ஓட்டியபோது வேறு நாற்பது நாடுகள் வந்தன. நாட்டை மாற்றச் சொல்லும் கட்டளை, கோரிக்கையை வரிசையில் போட்டுவிட்டு உடனே திரும்பிவிடுகிறது. கெர்னல் அதைப் பின்னால், தன் வேலை வரிசையில்தான் நிறைவேற்றுகிறது. ஸ்கிரிப்ட் அவசரப்பட்டு முந்தைய நாட்டின் விதியைப் படித்துவிட்டது. விதி மாறியது என்ற அறிவிப்பு வரும்வரை காத்திருக்கும்படி திருத்தினேன்.

திருத்திய பிறகும் சில நாடுகள் மிஞ்சின, இம்முறை எல்லா ஓட்டங்களிலும் அதே நாடுகள். 36 முதல் 64 வரையுள்ள சேனல்களில் 160 மெகாஹெர்ட்ஸ் காணாமல் போயிருந்தது. அங்கே பிழை என்னுடையது. 160 மெகாஹெர்ட்ஸ் சேனல் 5170 முதல் 5330 வரை படர்கிறது. விதியோ 5150–5250, 5250–5350 என்று இரண்டாக உடைந்திருக்கிறது. ‘அகலத்தைத் தானே கணக்கிடு’ என்ற கொடி இருந்தால், ஒரு விதியின் முடிவும் அடுத்ததன் தொடக்கமும் ஒட்டியிருக்கும்வரை கெர்னல் இரண்டு பக்கமும் நடந்து சென்று மொத்த அகலத்தைக் கணக்கிடும். எங்கள் பழைய பேட்ச் அந்த நடையின் நடுவே, ‘குறுஞ்சேனல் விதி இல்லையென்றால் தொடர்ந்து நட’ என்று எதிர்மறையாக ஒரு நிபந்தனை வைத்திருந்தது. வரிசையாக முப்பது நிபந்தனைகளை ‘பொய்’ என்று மடித்துக்கொண்டே வந்த கை, இதையும் பொய் என்று மடித்துவிட்டது. இது ‘மெய்’ என்று மடிய வேண்டிய இடம். நடை முதல் அடியிலேயே நின்றுவிட்டது. நல்லவேளை, இது கூடுதலாகத் தடுக்கும் பக்கம் நடந்த பிழை. எதிர்ப்பக்கம் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்து, மற்ற முப்பத்தாறு மடிப்புகளையும் ஒரு சக ஊழியரோடு அமர்ந்து உரக்க வாசித்துச் சரிபார்த்தேன்.

அதன்பின் வேறுபாடு சுழியம். ஹோஸ்ட்ஏபி-யின் எச்டபிள்யூசிம் சோதனைகளும், சிஎஃப்ஜி80211-இன் கேயூனிட் (கெர்னலுக்குள்ளேயே ஓடும்) சோதனைகளும் முன்பு போலவே தேறின. கவசப் பெட்டிக்குள் அமெரிக்க விதியில் வைத்த கருவியில் 6 கிகாஹெர்ட்ஸ் சேனல்கள் எல்லாம் 320 வரை திறந்தன. இம்முறை 30-ஆவது பிட் தற்காலிக ஒட்டு இல்லாமல்.

மொத்தம் ஒன்பது கமிட்டுகள், அறுநூறு வரிகளுக்குச் சற்று மேல் கழிந்தன. கம்பைல் ஆன அளவில் குறைந்தது ஒன்றரைக் கிலோபைட்கூட இல்லை. பதினொரு பேட்ச்சுகள் ஏழாயின. கடைசிக் கமிட்டின் விளக்கத்தில் மூன்று வாசல்களையும், ஒவ்வொன்றும் ஏன் மூடியிருக்கிறது என்பதையும், பதினறும எண்ணால் தேட வேண்டியிருந்ததையும் எழுதிவைத்தேன். மூலக் கெர்னலின் ‘10 கூடாது’ தடையை ஏன் தொடவில்லை என்பதற்கும் இரண்டு வரி சேர்த்தேன்.